ஆழம் பார்த்து நாவல் எடுப்போம்

(ஊக்குநர்கள் – பிரதிநிதிகள் கூட்டத்தில், கூட்டமைப்பின் வாசிப்பு வட்டம் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சந்தா, சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை. இந்த வார்த்தைகள் இல்லாமல் நம்ம கூட்டம் ஒருநாளும் நடந்ததில்லை. இன்னைக்கு அரை மணி நேரம் அதையெல்லாம் ஒரு பக்கமா வச்சிட்டு, கதைப் புத்தகத்தைப் பத்திப் பேசப்போறோம். "இருக்குற வேலைக்கே பொழுது போதலை, இதுல கதை வேறயா?" என்று யாராவது மனசுக்குள்ளே கேட்டால், அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

குழுவுக்கு வந்த பிறகு நாம் நிறையப் பேசக் கற்றுக்கொண்டோம். வங்கி மேலாளரிடம் பேசுகிறோம், கிராம சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்கிறோம். ஆனால் வீட்டுக்குள் நடப்பதைக் குழுவில் பேசுகிறோமா? மகள் விருப்பப்பட்டவனோடு போய்விட்டால் பேசமாட்டோம். மருமகன் அடிக்கிறான் என்றால் பேசமாட்டோம். வயசுக்கு வந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதைப் பேசமாட்டோம். பேசினால் மறுநாள் காலையில் குழாயடியில் அதுதானே பேச்சு! மானம் போய்விடும் என்ற பயத்தில் வாயைக் கட்டிக்கொள்கிறோம்.

நாவலில் வரும் பெண்ணைப் பற்றிப் பேசினால் யாருக்கும் மானம் போகாது. "அந்தப் பொண்ணு ஏன் அப்படிப் பண்ணுச்சு? அவங்கம்மா ஏன் கேக்கலை?" என்று எவ்வளவு நேரமும் பேசலாம். அப்படிப் பேசும்போது நம்ம மனசில் இருப்பது தன்னால் வெளியே வரும். பக்கத்தில் இருக்கும் அக்கா என்ன நினைக்கிறார் என்பதும் தெரியும். பத்து வருஷம் ஒன்றாக உட்கார்ந்து சேமித்தவர்கள் ஒருவரையொருவர் அன்றைக்குத்தான் புதுசாகப் பார்ப்பார்கள். இதுதான் எங்கள் பதில். இதற்காகத்தான் மாதம் ஒரு மணி நேரம் கேட்கிறோம்.

சரி, எந்தப் புத்தகத்தை எடுப்பது? அதைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

எல்லாக் கதையும் கூடிப் பேசுவதற்கு ஏற்றதாக இருக்காது. சில கதைகள் தனியாகப் படிக்க நன்றாக இருக்கும். விறுவிறு என்று போகும். நல்லவர் ஜெயிப்பார், கெட்டவர் தோற்பார், கல்யாணத்தில் முடியும். அதைப் படிப்பதில் தப்பே இல்லை. அலுப்புத் தீரும். ஆனால் அதை வைத்துக் கூட்டம் போட்டால், "நல்லா இருந்துச்சு" என்று ஒருவர் சொல்வார், "ஆமா" என்று பத்துப் பேர் சொல்வார்கள், ஐந்தே நிமிஷத்தில் டீ வந்துவிடும்.

கிணறு வெட்டுவதைப் பார்த்திருக்கிறோம். மேலே ஒரு மண், அடுத்து வேறு மண், அப்புறம் சரளை, பிறகு பாறை, அதற்கும் கீழேதான் ஊற்று. கூடிப் பேசுவதற்கு ஏற்ற நாவலும் அப்படித்தான். மேலே ஒரு கதை இருக்கும். கொஞ்சம் தோண்டினால் அதன் காரணம் தெரியும். இன்னும் தோண்டினால் நம்ம ஊரே அதற்குள் இருக்கும். ஒரு ஆள் தனியாகத் தோண்டுவது கஷ்டம். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஊற்றைப் பார்த்துவிடலாம்.

அசோகமித்திரன் எழுதிய 'தண்ணீர்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-ல் வந்தது. ('தண்ணீர் தண்ணீர்' என்று 1981-ல் வந்த சினிமா வேறு, இது வேறு.) சென்னையில் ஒரு தெரு. குழாயில் தண்ணீர் வரவில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிறார்கள். இது மேல் மண். 2019-ல் சென்னை ஏரிகள் வறண்டு லாரிக்குக் காத்து நின்றது வரைக்கும் நமக்குத் தெரிந்த கதைதான். அந்தத் தெருவில் ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை இரண்டு பேர். ஜமுனா சினிமா வாய்ப்புக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு ஆசை காட்டி ஒருவன் வந்து போகிறான். தங்கைக்கு அக்காமேல் கோபம், பாசம் இரண்டும் இருக்கிறது. பக்கத்தில் டீச்சரம்மா ஒருவர், தன் வீட்டுக் கஷ்டத்தைச் சுமந்துகொண்டே ஜமுனாவுக்குத் தெம்பு சொல்கிறார். தண்ணீர் இல்லாத குழாயும், அன்பு கிடைக்காத வீடும் ஒரே கதைக்குள் இருக்கின்றன. "இந்தப் புத்தகத்துக்கு ஏன் தண்ணீர்னு பேரு வச்சாரு?" என்று கேட்டுப் பாருங்கள். குடம் தூக்கிப் பழகிய நமக்குத்தான் அதற்குப் பதில் அதிகம் தெரியும்.

நாவலைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கள் வட்டம் பார்க்கும் விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

1. இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேச இடம் இருக்கிறதா?

பூமணி எழுதிய 'வெக்கை', 1982-ல் வந்த நாவல். 2019-ல் 'அசுரன்' என்ற படமாக வந்ததால் பலருக்குக் கதை தெரியும். பதினைந்து வயசுப் பையன் ஒருவன், தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிடுகிறான். நாவல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அப்பாவும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். கதை பெரும்பாலும் அந்தச் சில நாட்கள்தான். அந்தப் பையன் செய்தது சரியா? அப்பா அவனை முதல் நாளே போலீசில் ஒப்படைத்திருக்க வேண்டுமா? மூத்த மகனைப் பறிகொடுத்து, இளையவனையும் ஒளித்துவைத்திருக்கும் அந்தத் தாய்க்கு எப்படித் தூக்கம் வரும்? ஒருவர் "சரி" என்பார், ஒருவர் "தப்பு" என்பார். இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கும். அப்படிப்பட்ட புத்தகம்தான் நமக்கு வேண்டும். படம் பார்த்தவர்கள், படத்தில் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்றும் பேசலாம்.

2. எல்லாவற்றையும் ஆசிரியரே சொல்லிவிடாமல், நமக்கும் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறாரா?

இமையம் எழுதிய 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இன்ஜினீயரிங் படித்த ரேவதி, வீட்டார் பேச்சை மீறி ஆட்டோ ஓட்டுகிறவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். நாவலில் பெரும்பகுதி அந்தத் தீக்காய வார்டுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தைப் பற்றியது. பணம் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் அது செல்லவில்லை. தீ எப்படிப் பிடித்தது என்பதில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யார் காரணம்? கட்டியவனா? ஆரம்பத்திலிருந்தே ஒதுக்கிவைத்த வீடா? அப்பாவின் கௌரவமா? "ஓடிப்போனாளே, அதான் இந்தக் கதி" என்று நம்மிலும் ஒருவர் சொல்லக்கூடும். சொல்லட்டும். "அவ திரும்பி வந்து கதவைத் தட்டியிருந்தா, நாம திறந்திருப்போமா?" என்று அடுத்தவர் கேட்கட்டும். அந்தக் கேள்வி கூட்டத்தில் விழுந்ததும் வரும் அமைதி இருக்கிறதே, அதற்காகவே இந்த நாவலைப் படிக்கலாம்.

3. கதைக்குள் உழைப்பு இருக்கிறதா?

பெரிய பங்களாவில் காபி குடித்துக்கொண்டே பேசும் கதைகளில் நமக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் கதை. 1979-ல் வந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக எழுதவில்லை. அந்தந்த ஊருக்கே போய், மக்களோடு பழகி, கேட்டறிந்து எழுதுவது அவர் வழக்கம். மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க்கரையில்', சிவகாசிப் பக்கம் வேலைக்குப் போகும் குழந்தைகளைப் பற்றிக் 'கூட்டுக்குஞ்சுகள்', நீலகிரி படகர் மக்களைப் பற்றிக் 'குறிஞ்சித் தேன்' என்று எழுதியிருக்கிறார். 'கரிப்பு மணிக'ளில் பொன்னாச்சி என்ற பெண் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறாள். வெயில், உப்பு, குறைந்த கூலி, மேலே இருப்பவர்களின் தொல்லை எல்லாம் வருகின்றன. நாம் சோற்றில் போடும் உப்புக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறதா என்பது முதல் அடுக்கு. வேலையிடத்தில் ஒரு பெண்ணிடம் தப்பாக நடந்தால் அவள் யாரிடம் சொல்வாள் என்பது அடுத்த அடுக்கு. சித்தாள் வேலைக்கும், மில் வேலைக்கும், நூறு நாள் வேலைக்கும் போய்வந்த நமக்கு இதில் பேச நிறைய இருக்கிறது.

4. அடுத்த வீட்டு வாசற்படிக்குள் நம்மைக் கூட்டிப்போகிறதா?

ஒரே ஊரில் இருந்தாலும் சில தெருக்களுக்கு நாம் போனதில்லை. சல்மா எழுதிய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-ல் வந்தது. முஸ்லிம் வீடுகளுக்குள் பெண்கள் என்ன பேசுகிறார்கள், எதற்கு ஏங்குகிறார்கள் என்று உள்ளே இருந்தே சொல்கிறது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கே துணி வெளுக்கும் ஒரு குடும்பம், அதில் ஆரோக்கியம் என்ற தாய். ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே ஒருத்தி இருக்கிறாள் என்று அந்த நாவல் காட்டியபோது பெரிய விவாதம் எழுந்தது. ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதிய 'புத்தம் வீடு' 1964-ல் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கதை. வளர்ந்துவிட்டாள் என்று படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்படும் லிஸி, பனையேறும் குடும்பத்துத் தங்கராஜ், பழம்பெருமை பேசி நொடித்துப்போன ஒரு வீடு. அறுபது வருஷத்துக்கு முன்னால் எழுதியது. இன்னைக்கும் நம்ம குழுவில் எத்தனை பேர் வீட்டில் லிஸி இருக்கிறாள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

5. தவணை முறையில் படித்து முடிக்க முடியுமா?

கடனை ஒரே நாளில் கட்டச் சொன்னால் யாராலும் முடியாது, தவணை என்றால் கட்டிவிடுகிறோம். வாசிப்பும் அப்படித்தான். முதல் வருஷத்தில் நூறு, இருநூறு பக்க நாவல்களே போதும். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' நூறு பக்கம்கூட வராது. அப்பன் உயிரை வாங்கிய காளையை அடக்க மகன் வருகிறான். ஒரு மாலைநேரத்து ஜல்லிக்கட்டுதான் முழுக் கதையும். அடக்கியது யார், அடங்கியது யார், ஜமீன்தாருக்கு மாடா பெருசு மனுஷனா பெருசு என்று கேள்வி கேட்டுக்கொண்டே போகலாம். அதில் பெண்கள் பேச்சு அநேகமாக இல்லை. "அந்த வீட்டுப் பொம்பளைங்க அன்னைக்கு என்ன செஞ்சுக்கிட்டு இருந்திருப்பாங்க?" என்றும் கேளுங்கள். சொல்லாமல் விட்டதைப் பேசுவதும் வாசிப்புதான்.

6. சத்தமாகப் படித்தால் காதுக்கு இதமாக இருக்கிறதா?

நம்மில் எல்லோருக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. அதனால் யாரும் வெளியே நிற்க வேண்டாம். 1990-களில் அறிவொளி இயக்கம் வந்தபோது ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதையே செய்வோம். வட்டாரப் பேச்சில் எழுதிய நாவல்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறோம். காலேஜ் படித்த பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கி நிற்கும். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த பாட்டி, "அது ஒண்ணுமில்லத்தா, கம்மம்புல்லு அடிக்கிற களத்தைச் சொல்றாக" என்று விளக்கிவிடுவார். அன்றைக்கு யார் டீச்சர், யார் மாணவி?

இப்போது செலவுக் கணக்கு. ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு புத்தகம் வாங்க வேண்டியதில்லை. ஒன்றோ இரண்டோ போதும். வீட்டுவரி கட்டும்போது அதோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். ரசீதை எடுத்துப் பாருங்கள். ஆகவே நூலகம் நம்ம காசில் நடப்பது. உரிமையோடு போய்க் கேளுங்கள், உறுப்பினர் ஆகுங்கள். ராஜம் கிருஷ்ணன் நூல்களைத் தமிழக அரசு 2009-ல் நாட்டுடைமை ஆக்கியது. அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தச் சிறப்பு நடந்தது. நாட்டுடைமை என்றால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், இலவசமாகவும் படிக்கலாம். 'கரிப்பு மணிகள்' இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. வீட்டில் பிள்ளைகளிடம் செல்போனைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். அந்தச் சாக்கில் அவர்களும் நாலு பக்கம் படிப்பார்கள்.

கதை பேசும் நாளில் கடைப்பிடிக்க மூன்றே விதிகள்.

முதல் விதி: கதையில் வருபவரைப் பற்றிப் பேசலாம், பக்கத்தில் இருப்பவரைப் பற்றிப் பேசக்கூடாது. "உங்க வீட்டுலயும் இதானே" என்று யாரும் விரல் நீட்டக்கூடாது. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

இரண்டாவது விதி: வட்டத்தில் பேசியது வட்டத்தோடு. குழாயடிக்குப் போகக்கூடாது. உள்கடன் யார் யாருக்கு எவ்வளவு என்பதை வெளியில் சொல்கிறோமா? அதே கட்டுப்பாடு இதற்கும்.

மூன்றாவது விதி: புத்தகத்தை இரண்டு உறுப்பினர்கள் முன்கூட்டியே முழுசாகப் படித்துவிட வேண்டும். சில நாவல்களில் சாவு, தீ, அடி உதை, சாதி சொல்லி ஏசுவது எல்லாம் வரும். அதே துக்கத்தை அனுபவித்த சகோதரி நம்ம குழுவிலேயே இருக்கலாம். அவரிடம் முதலில் தனியாகச் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறு புத்தகம் எடுப்போம். புத்தகத்துக்கு அவசரம் இல்லை, அடுத்த வருஷம்கூட வரும். பேசும்போது யாராவது தன் வீட்டில் அடி உதை இருப்பதாகச் சொன்னால், அதோடு கதையை நிறுத்திவிடுங்கள். அவர் பக்கத்தில் உட்காருங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது என்று சொல்லுங்கள். போன் பண்ணக் கூட இருங்கள்.

கேள்வி கேட்கும் விதத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். "பிடிச்சுதா?" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும். "நீங்க அந்தம்மா இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேளுங்கள். ஜெயகாந்தன் இதை எழுதியே காட்டியிருக்கிறார். 1966-ல் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை ஆனந்த விகடனில் வந்தது. மழையில் வந்த ஒரு காரில் ஏறி, ஏமாற்றப்பட்டுத் திரும்பும் கல்லூரி மாணவியை, அவள் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொள்கிறாள். அப்போது அதை எதிர்த்தவர்கள் பலர். பிறகு, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல், ஊருக்குத் தெரியும்படி ஆக்கியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். ஒரு தாய் அந்த ஒரு நிமிஷத்தில் என்ன செய்கிறாள் என்பதில் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையும் மாறிப்போகிறது. முதல் மாதம் சிறுகதையைப் படியுங்கள், அடுத்த மாதங்களில் நாவலைப் படியுங்கள். நம்ம வீட்டில் அந்த நிமிஷம் வந்தால் என்ன செய்வோம் என்று முன்னாடியே ஒருமுறை யோசித்து வைத்த மாதிரி ஆகும். மகள் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது வேண்டும். மகன் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும் என்று யாரும் வற்புறுத்தாதீர்கள். கடன் கொடுப்பதற்குத் தீர்மானம் வேண்டும், கதைக்குத் தீர்மானம் வேண்டாம். "நீங்க சொல்றது எனக்கு ஒப்புதல் இல்லக்கா, ஆனா கேட்டுக்கிட்டேன்" என்று சொல்லப் பழகினால் போதும். அப்படிப் பழகிய குழுவில் கடன் பிரச்சினை வந்தாலும் உடைந்துபோகாது.

ஒவ்வொரு குழுவும் இந்த மாதம் ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பேரை முன்னாடி படிக்கச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் புத்தகத்தின் பெயரையும் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து நடக்கும் கூட்டமைப்புக் கூட்டத்தில், எந்த நாவலில் எந்த இடத்தில் அதிகமாகச் சண்டை வந்தது என்று வந்து சொல்லுங்கள். கேட்க ஆவலாக இருக்கிறோம்.